ஏழாம் நம்பர் காட்டில் விழுந்த ஊசி

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளோடை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. விருந்தினர் விடுதி என்றார்கள். ஒரு கட்டில், ஓடாத கீசர், கதவை மூடினால் திறக்காத குளியலறை. கொண்டுவந்த காலுறைகள் எல்லாம் முதல் நாளே நனைந்துவிட்டன. எங்கே காயப்போடுவது என்று சமையல்காரரிடம் கேட்டேன். "இங்க காயாதுங்க, நாமதான் பழகிக்கணும்" என்றார்.

வந்த காரியம் ஒரு பெண் காட்டுமாடு. பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பி அதன் பின்னங்காலில் மாட்டி, இறுகி, சதைக்குள் இறங்கிவிட்டது. கன்று ஒன்று கூடவே சுற்றுகிறது. துப்பாக்கியால் ஊசி போட்டுப் படுக்கவைத்து, கம்பியை வெட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, மறுபடி எழுப்பி அனுப்ப வேண்டும். எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

நாமக்கல்லில் பதினோரு வருஷம் கோழிக்கு வைத்தியம் பார்த்தவன் நான். வனத்துறைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை இரண்டு கரடியையும் ஒரு கடமானையும் படுக்கவைத்திருக்கிறேன். மூன்று முறையும் பக்கத்தில் சீனியர் ஒருவர் இருந்தார். நாளை மறுநாள் யாரும் இல்லை. மனைவி போனில், "பயமா இருக்குதுங்களா?" என்றாள். மாடுதானே என்றேன். மாடுதான், அறுநூறு கிலோ.

மார்ச் 3, திங்கள்

மருந்துப் பெட்டியை மூன்று முறை சரிபார்த்தேன். படுக்கவைக்கும் மருந்து போதுமான அளவு இருக்கிறது. எழுப்பும் மருந்து இரண்டு குப்பிதான். கோயம்புத்தூரில் கேட்டால் அடுத்த வாரம் அனுப்புகிறார்களாம்.

இந்த மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. மாட்டைச் சாய்க்கும் அளவில் ஒரு சிறு துளி மனிதன் ரத்தத்தில் கலந்தால் போதும், தூக்கம் வந்து, மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். அதற்கும் இதே எழுப்பும் ஊசிதான். ஆகவே ஒரு குப்பி எப்போதும் மனிதர்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. கூட வரும் வனக்காப்பாளர் பெள்ளியிடம் இதைச் சொன்னேன். அவர் படகர், இந்தப் பக்கத்துக்காரர், எதற்கும் பதறாதவர். "அப்ப மாட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மார்ச் 4, செவ்வாய், மதியம்

முடிந்தது. முடிந்ததா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் மாடு ஏழாம் நம்பர் காட்டில் நின்றது. இங்கே தேயிலைத் தோட்டத்தைக் காடு என்கிறார்கள், காட்டைச் சோலை என்கிறார்கள். எனக்கு இன்னும் குழம்புகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரே மூடுபனி. கொஞ்சம் விலகிய சமயத்தில் சுட்டேன்.

பின்தொடையில் பட்டது. ஊசியின் வாலில் இருக்கும் இளஞ்சிவப்புக் குஞ்சம் ஒரு கணம் ஆடியதைப் பார்த்தேன். மாடு துள்ளி ஓடியதில் ஊசி எங்கோ செடிகளுக்குள் விழுந்துவிட்டது. நேராகக் குத்தியிருந்தால் மருந்து உள்ளே போயிருக்கும். சாய்வாகப் பட்டிருந்தால் தோலைச் சீண்டிவிட்டு, மருந்து அப்படியே உள்ளே இருக்க, ஊசி கீழே விழுந்திருக்கும். எது நடந்தது?

காத்திருந்தோம். மாடு நின்று மென்றுகொண்டிருந்தது. நடை தளரவில்லை, தலை தொங்கவில்லை. சோலைக்குள் போய்விட்டால் பிடிக்க முடியாது. முதல் ஊசி பலிக்கவில்லை என்று முடிவு செய்து இரண்டாவதைச் சுட்டேன். அது நன்றாக இறங்கியது. மாடு சுற்றி நடந்து, முன்னங்கால் மடங்கி, படுத்தது. சீக்கிரமே படுத்ததாக எனக்குத் தோன்றியது. ஒரு ஊசிக்கு அவ்வளவு சீக்கிரம் படுக்குமா, இரண்டும் சேர்ந்து வேலை செய்ததா என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

கண்ணை ஈரத்துண்டால் மூடி, பக்கவாட்டில் சாயாமல் நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். சாய்ந்தால் வயிறு ஊதிச் செத்துவிடும். கம்பியை வெட்டினேன். எலும்பு தப்பித்தது. கழுவி, மருந்து வைத்து, காதின் நரம்பில் எழுப்பும் ஊசி ஒரு குப்பி போட்டேன். எழுந்தது, தள்ளாடியது, கன்றை நோக்கிப் போனது. மேட்டிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் ஊசியை இன்னும் தேடுகிறோம். பெள்ளியும் இரண்டு காவலர்களும் கம்பால் செடிகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். ஏழாம் நம்பரில் யாரும் பறிக்கக்கூடாது, ஊசியைக் கண்டால் தொடக்கூடாது, பட்டால் ஆள் செத்துப்போவார் என்று, பறிக்கும் பெண்களை மேய்க்கும் மேஸ்திரி சூசையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொழுந்து முற்றிப்போகும் என்று முனகினார். பெண்களை எட்டாம் நம்பருக்கு அனுப்பிவிட்டார்.

எட்டாம் நம்பரில் ஒரு பெண்ணுக்கு மயக்கம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் மாட்டு டாக்டர் என்று சொன்னாலும் கேட்பதில்லை. நிழல் மரத்தடியில் வாந்தியெடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ம் என்கிறாள், மறுபடி சொக்குகிறாள். இமையை விலக்கிப் பார்த்தேன், கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கியிருந்தது. வெயில் கண்ணில் பட்டால் அப்படித்தான் ஆகும். மேஸ்திரி, "காலையிலயே ஊத்திட்டு வந்திருக்கா சார்" என்றார். உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஊசியைத் தேடப் போய்விட்டேன்.

மார்ச் 4, மாலை

மாடு மறுபடி படுத்துவிட்டது.

சோலை ஓரத்தில் தலையைத் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறது. கன்று முட்டுகிறது, எழவில்லை. இந்த மருந்து சில சமயம் உடம்பிலேயே சுற்றி வந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி சாய்த்துவிடும். கொடுத்த மருந்துக்கு எழுப்பும் ஊசி போதாவிட்டால் அப்படி நடக்கும். இரண்டு ஊசி மருந்தும் உள்ளே போயிருந்தால், நான் போட்ட ஒரு குப்பி போதாது.

மீதி இருப்பது ஒரு குப்பி. மனிதர்களுக்கானது.

பெள்ளியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "முதல் ஊசி காலியாக விழுந்திருந்தால், இரண்டு பங்கும் மாட்டுக்குள் இருக்கிறது. குப்பி மாட்டுக்கு வேண்டும். அப்படியானால் ஊசியால் யாருக்கும் ஆபத்தில்லை. மருந்தோடு விழுந்திருந்தால், மாட்டுக்கு ஒரு பங்குதான் போயிருக்கிறது. அதற்குக் குப்பி வேண்டாம். ஆனால் யாராவது அந்த ஊசியை மிதித்தால் குப்பி வேண்டும்."

பெள்ளி மாட்டைக் காட்டினார். "அப்ப மாடுதானே சொல்லுது டாக்டர். படுத்திருச்சில்ல? ஊசி காலிதான். போட்டுருங்க. செத்துப்போச்சுன்னா பேப்பர்ல வரும்."

கணக்கு சரியாக வந்தது. கால் புண் வலித்தும் ஒரு மாடு படுக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. ரத்தம் போன களைப்பாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு ஊசி காலியாக இருக்க வேண்டும். காலி என்றால் மனிதருக்கு ஆபத்தில்லை, மாட்டைக் காப்பாற்ற வழியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்லதாக முடிகிற பதில் அது ஒன்றுதான்.

கடைசிக் குப்பியைத் துப்பாக்கி ஊசியில் ஏற்றிச் சுட்டேன். பட்டவுடன் மாடு துள்ளி எழுந்து, கன்றோடு சோலைக்குள் போய்விட்டது. அப்பாடா. பெள்ளி என் முதுகில் தட்டினார்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் கோழிக்குருமாவும். நான்கு சப்பாத்தி சாப்பிட்டேன். கோழியை நிம்மதியாகச் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

மார்ச் 5, புதன்

மாடு மேய்கிறது. கன்று பால் குடிக்கிறது. ரேஞ்சர் போனில் பாராட்டினார். ஊசி காலி என்று மாடே நிரூபித்துவிட்டதால் தேடுவதை நிறுத்திவிட்டோம். மேஸ்திரிக்கு ஏழாம் நம்பரைத் திறந்துவிட்டேன். ஒரு வாரம் இங்கேயே தங்கி மாட்டின் காலைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலுறையை அடுப்பு மேல் காயவைத்ததில் ஒன்று கருகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

சதையில் போட்ட மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். ஊசி பட்டவுடனே மாடு எழுந்ததே, எப்படி?

மார்ச் 7, வெள்ளி

வெறும் குச்சியால் குத்தியிருந்தாலும் எழுந்திருக்குமோ. தெரியவில்லை. மழை. மாடு கண்ணில் படவில்லை.

மார்ச் 8, சனி

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன், வேறு வேலையில்லாமல்தான். ஒவ்வொரு பெண்ணும் தன் சாக்கில் ஓர் அடையாளம் கட்டியிருக்கிறாள். எல்லாச் சாக்கும் ஒரே பச்சை, குவியலில் யாருடையது எது என்று தெரியாதாம். ஒருத்தி வளையல் துண்டு, ஒருத்தி மஞ்சள் நாடா, ஒருத்தி குழந்தையின் கிழிந்த காலுறை. ஒரு சாக்கில் இளஞ்சிவப்புக் குஞ்சம்.

அது என்னுடையது. அந்த நிறத்தில் அப்படி வெட்டிய குஞ்சம் வேறெங்கும் கிடைக்காது.

சாக்கு தெய்வானை என்பவளுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கேயோ பார்த்த முகம். அவள் என்னைப் பார்த்ததும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். இந்த எஸ்டேட்டில் இருநூறு பெண்கள் இருக்கிறார்கள், எல்லார் முகமும் எங்கேயோ பார்த்ததுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பெள்ளியைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அப்படிப் பெயர். தெய்வானை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெள்ளியின் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது சந்தையில வாங்குன நூலுங்க."

எந்தச் சந்தை என்றேன். கோத்தகிரி என்றாள், பிறகு குன்னூர் என்றாள். பயப்படாதே அம்மா, அந்த ஊசி காலியாக இருந்ததா, உள்ளே ஏதாவது இருந்ததா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றேன்.

"காலிதாங்க."

"நிஜமாவா?"

என் முகத்தைப் பார்த்தாள். "இல்லீங்க, இருந்திச்சி."

"இருந்ததா, இல்லையா?"

"எது இருந்தா ஒங்களுக்கு நல்லதுங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் வந்த கோபமில்லை, அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே ஒரு பதில் இருந்ததால் வந்தது. காலி என்று சொல்லிவிடு என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று பெள்ளி இல்லாமல், காக்கி இல்லாமல் போனேன். தெய்வானை உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஊசியை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். கும்பிட்டாள்.

"கேஸு போட்டுறாதீங்க சார். வனத்துறை சாமான்னு தெரியாம எடுத்துட்டேன். பூ மாதிரி இருந்திச்சி, சாக்குல கட்டலாம்னுதான்."

எப்போது எடுத்தாய் என்று கேட்டேன்.

"மாடு ஓடினப்ப மேட்டுலேருந்து பார்த்தேன், இது விழுந்திச்சி. எட்டாம் நம்பருக்குப் போகச் சொன்னாங்கள்ல, அப்ப வழியில எடுத்துக்கிட்டேன். தொடக்கூடாதுன்னு மேஸ்திரி சொன்னது பொறவுதான். நூலைப் பிடிச்சி இழுத்தனா, மூடி கழண்டு தண்ணி கையில கொட்டிரிச்சி. விரலெல்லாம் வெடிப்பு, எரிஞ்சிச்சி. சீலையில தொடச்சிட்டேன்."

அப்புறம் என்றேன்.

"அப்பறம் என்னா, நடக்கறப்பவே கண்ணு சொருகிச்சி. நீங்ககூட வந்து பார்த்தீங்களாம். எனக்கு ஒண்ணும் நெனவில்ல. லயத்துக்குத் தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. மூச்சே வராத மாதிரி இருந்திச்சின்னு எங்க வூட்டுக்காரரு விடிய விடிய கன்னத்துல தட்டிக்கிட்டே இருந்தாராம். தட்டினா மூச்சு விடுவேனாம், விட்டா நிறுத்திருவேனாம்." கொஞ்சம் சிரித்தாள். "பொய் சொல்லக் கூடாது சார், நல்லா தூங்கினேன். கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித் தூங்கினதில்ல."

உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு.

அன்றைக்கு வெயிலே இல்லை. மேலே மதியக் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன், ஒரே மூடுபனி என்று. அந்த மருந்து ஏறினால் கண் பாப்பா கடுகாகிவிடும் என்று பாடத்தில் படித்ததுதான். இந்தப் பெண்ணின் கண்ணை நான் விலக்கிப் பார்த்தபோது கடைசிக் குப்பி என் பையில் இருந்தது. அது மாட்டுக்குப் போனது. மாட்டுக்கு அது தேவைப்படவில்லை. நான் நான்காவது சப்பாத்தியைச் சாப்பிட்டபோது ஒருவர் இவளைத் தட்டித் தட்டி மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தார்.

கேஸ் எல்லாம் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை போலிருந்தது. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"மேஸ்திரி நான் குடிச்சிட்டு விழுந்தேன்னு சொல்லிட்டாரு. கொழுந்து பறிக்கறதுலேருந்து எடுத்து, செடிக்குப் பூச்சி மருந்தடிக்கப் போட்டுட்டாங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல கேக்குதுங்களாம், ஒங்கம்மா குடிப்பாங்களான்னு. நான் குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்வீங்களா சார்?"

மார்ச் 11, செவ்வாய்

நிறுவைக் கொட்டகையில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். "தெய்வானை குடிக்கவில்லை. அன்றைக்கு அவள் கையில் என்னுடைய மருந்து பட்டிருக்கிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்குப் போட வேண்டிய ஊசியை மாட்டுக்குப் போட்டுவிட்டேன்." முந்தின நாள் ராத்திரியே யோசித்து வைத்த வாக்கியங்கள்.

மேஸ்திரி சூசை தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், அந்த மருந்து பட்டா ஆளு செத்துருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"இவ சாகலியே. குத்துக்கல்லாட்டம் நிக்கிறா."

அவள் புருஷன் தட்டித் தட்டிக் காப்பாற்றினார் என்றேன். இப்போது எல்லாருமே சிரித்தார்கள். "அவன் தட்டுறது அவளுக்குப் புதுசா சார்?" என்று ஒரு குரல் வந்தது. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். குப்பி இரண்டு, ஊசி இரண்டு, ஒன்று காலி, ஒன்று காலியில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

"ஒங்களுக்கு எளகின மனசு சார்," என்றார் மேஸ்திரி. "அவ வந்து அழுதிருப்பா. ஒரு பொம்பளைக்காக டாக்டரு தன் மேல பழி போட்டுக்கிறாரு. சரி, ஒங்க முகத்துக்காக கொழுந்துக்கே திரும்ப வரட்டும்."

தெய்வானை கையெடுத்துக் கும்பிட்டாள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "எனக்காக இவ்வளவு பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்க வேணாங்க" என்றாள். வீட்டுத் தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

ரேஞ்சருக்குப் போன் செய்து முழுதும் சொன்னேன். "அந்தம்மா நல்லா இருக்காங்கள்ல? மாடும் நல்லா இருக்கு. அப்ப விடுங்க டாக்டர்."

ரேஞ்சர் ஒருவர்தான் நான் சொன்னதை நம்பினார். நம்பியவர் விடச் சொல்கிறார்.

மார்ச் 12, புதன்

தெய்வானையைக் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு ஜீப்பில் கூட்டிப்போனேன். மனிதருக்கான டாக்டர் ஒருவர் பார்க்கட்டும், நடந்ததை அவர் வாயால் இவளிடம் சொல்லட்டும், அவர் சொன்னாலாவது நம்புவாள். அவளுக்கு அதெல்லாம் புரியவில்லை. டவுனில் ரேஷன் கார்டு வேலை இருக்கிறது என்று வந்து ஏறிக்கொண்டாள்.

பெள்ளி ஓட்டினார். நான் முன்னால், அவள் பின்னால். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, தலை கம்பியில் சாய்ந்திருந்தது.

"தெய்வானை."

"ம்?"

"ஒண்ணுமில்லை."

அடுத்த வளைவில் மறுபடி மூடியிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். இன்னும் எழுப்பும் மருந்து கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை. எட்டு நாளாகிவிட்டது, மருந்து எப்போதோ உடம்பைவிட்டுப் போயிருக்கும், எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டேன்.

"என்னா சார் இது," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நாலு மணிக்கு எந்திரிச்சி தண்ணி புடிச்சி, சோறாக்கி வச்சிட்டு வந்தவ. சித்த கண்ணை மூட விடுங்க."

"தூங்கட்டும் விடுங்க டாக்டர்," என்றார் பெள்ளி.

பிறகு நான் கூப்பிடவில்லை. இருக்கையில் திரும்பி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே கோத்தகிரி வரை வந்தேன்.